வீட்டுப் பட்டறை: சாவி கொடுத்தால் ஓடும் ரயில்



பங்களாவில் கெபுன் வேலை செய்த தம் தாத்தாவுக்கு, துரையம்மா ஊருக்குக் கப்பலேறும்போது ஒரு தகர ரயிலைக் கொடுத்துவிட்டுப் போனதாக ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். லயத்தைக் காலி செய்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோதும் அது கூடவே வந்ததாம். இப்போது சக்கரம் ஒன்று பொடிந்து கிடக்கிறது. சாவியைக் காணோம். மகன் புதுச் சாயம் பூசித் தருகிறேன் என்கிறான். பழைய சாமான் வாங்குகிறவர் ஐம்பது வெள்ளி தருகிறேன் என்கிறார். எண்பதைத் தாண்டிய அப்பாவோ, "ஒரு தடவை ஓடிப் பார்க்கணும்" என்கிறாராம்.

சகோதரி, முதலில் அந்தச் சாய டின்னை மூடி வையுங்கள். ரயில் எந்த வகை என்று சொல்லும் பெயரும் எண்ணும் அந்தப் பழைய சாயத்தின் மேல்தான் இருக்கின்றன. அவை அழிந்தால் அடையாளமும் போயிற்று, விலையும் போயிற்று. ஐம்பது வெள்ளிக்காரரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

வெளிச்சத்தில் வைத்து, ஈரமில்லாத மெல்லிய துணியால் தூசியைத் தட்டிவிட்டு எழுத்தைத் தேடுங்கள். இஞ்சினின் பக்கவாட்டில், பின்புறத்தில், அடித்தகட்டில் பாருங்கள். 'மெக்கானோ லிமிடெட், லிவர்பூல்' என்றிருந்தால் அது ஹார்ன்பி ரயில். துளையிட்ட இரும்புப் பட்டைகளை மரையாணி கொண்டு பூட்டும் விளையாட்டுச் சாமானுக்கு 1901-இல் காப்புரிமை பெற்ற ஃபிராங்க் ஹார்ன்பி, 1920-இல் இந்த ரயில்களையும் விற்கத் தொடங்கினார். ஜி.பி.என். என்ற மூன்று எழுத்து இருந்தால் அது ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து பிங் கம்பெனிச் சரக்கு. 'ஜப்பான்' என்றிருந்து, தண்டவாளமே இல்லாமல் தரையில் ஓடுவதானால், அதற்கு வேறு வைத்தியம். இன்னொரு மாதம் பேசுவோம்.

அடுத்து, தண்டவாளம் இருந்தால் இரண்டு ரயிலின் உள்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம் இருந்தால் அது 'ஓ' அளவு. ஹார்ன்பியின் சாவி ரயில்கள் பெரும்பாலும் இதுதான். 16.5 மில்லிமீட்டர் என்றால், 1938-இல் வந்த டப்ளோ வகையாக இருக்கலாம். இன்றும் கடையில் ஹார்ன்பி என்ற பெயரில் ரயில் கிடைக்கிறது. ஆனால் அது சின்ன அளவு. பெயரைப் பார்த்து அதன் சக்கரத்தை வாங்கினால் பணம் தண்டம். பழைய ரயில் செய்த லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டுவிட்டது.

அப்படியானால் பாகம் எங்கே கிடைக்கும்? இங்கிலாந்தில் இந்தப் பழைய ரயில்களுக்கென்றே சக்கரம், சாவி, கொக்கி, இடிதாங்கி எல்லாம் புதிதாக வார்த்து விற்கும் சிறு பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். ஹார்ன்பி ரயில் சேகரிப்போருக்கு 1969 முதல் ஒரு சங்கமும் அங்கே இருக்கிறது. அவர்களுக்கு எழுதும்போது "பழைய ரயில், சக்கரம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. சக்கரத்தின் விட்டம், எத்தனை ஆரம், அச்சின் தடிமன், இஞ்சின் பக்கத்து எண், அடிப்பக்கத்தின் படம் இத்தனையும் வேண்டும். சாவிக்கு, அதை மாட்டும் சதுரத் தண்டின் பக்க அளவை வெர்னியர் அளவுகோலால் எடுங்கள். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் அந்தக் கருவி இருக்கும்.

சக்கரம் பொடிந்ததற்கு யாரும் காரணமில்லை. அது துத்தநாகக் கலவை வார்ப்பு. வார்க்கும்போது துளி ஈயம் கலந்துவிட்டால், வருடங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே உப்பி, விரிசல் விட்டு உதிரும். பசை போட்டு ஒட்டுவது வீண். ஒன்று போயிருந்தால் மற்றவற்றிலும் மயிரிழைக் கோடு இருக்கிறதா பாருங்கள்.

ரப்பர் ஆலையில் ஃபிட்டர் வேலை பார்த்த பெரியவர்களுக்கு ஒரு சேதி. ஆரம்பகால ஹார்ன்பி வண்டிகள் மரையாணியால் பூட்டியவை. அந்த மரை 5/32 அங்குல விட்வொர்த். இன்றைய 4 மில்லிமீட்டர் மரையாணி பார்வைக்கு அதே தடிமன்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறும். மேலே முறுக்கினால் மரையே அழிந்துவிடும். பழைய ஆணியைத் தூக்கிப் போடாதீர்கள்.

சுருள்வில் இருக்கும் கூட்டை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். முறுக்கோடு இருக்கும் வில் தெறித்தால் விரலையும் கண்ணையும் பதம் பார்த்துவிடும். வில் அறுந்திருந்தால் சுவர்க்கடிகாரம் பழுது பார்த்துப் பழகியவரிடம் கொடுங்கள். அறுந்திராவிட்டால் பல்சக்கர அச்சுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு போதும். மின்சார இஞ்சினாக இருந்தால் வீட்டுச் சுவிட்சில் நேராகச் சொருகவே கூடாது.

பேரப்பிள்ளைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருக்கும்.

சக்கரமும் சாவியும் வந்து மாட்டியதும் பாதி முறுக்கு மட்டும் கொடுங்கள். இஞ்சினைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள். பாரமில்லாமல் வேகமெடுத்தால் பல்சக்கரம் தேயும். தண்டவாளத்தில் வைத்து, பின்னால் இரண்டு பெட்டியையும் மாட்டி, அப்பாவின் கையாலேயே தடையை எடுத்துவிடச் சொல்லுங்கள்.