கீறல் ஓவியமும் கைத்தொழிலாளியும்

குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும் ஓர் அச்சுப் படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால், "கோழி கிளறினது மாதிரி இருக்கிறதே, இதுவா ஓவியம்?" என்று கேட்பவர் உண்டு. ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மா படங்களின் முன் நின்று மகிழும் மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் பலவும் நவீன ஓவியக் கண்காட்சி என்றால் வாசலோடு திரும்பிவிடுகின்றன. அது படித்தவர், பணம் படைத்தவர் விவகாரம் என்ற எண்ணமே காரணம். அந்த எண்ணம் சரியன்று. இத்தகைய படங்களை எடைபோடும் தகுதி கைத்தொழில் அறிந்தவருக்கே முதலில் உண்டு.

செய்முறையைப் பாருங்கள். 'டிரைபாயின்ட்' என்பது செப்புத் தகட்டில் கூரான எஃகு ஊசியால் நேரடியாகக் கீறும் முறை. திராவகம் கிடையாது, கையின் பலம் ஒன்றே துணை. பாத்திரக் கடையில் குடத்துக்குப் பெயர் வெட்டுபவரின் வேலைக்கு இது பங்காளி முறை. கீறும்போது கோட்டின் ஓரத்தில் பிசிறு எழும்பும். அசோகபுரம் ரயில்வே பணிமனையில் பிட்டராக இருப்பவர் அதை அரம் போட்டு எடுத்துவிடுவார். ஓவியரோ அதைக் காப்பாற்றி வைக்கிறார். பிசிறில் மை தங்குவதால்தான் கோடு வெல்வெட் போல் மென்மையாக அச்சாகிறது. அழுத்த அழுத்தப் பிசிறு மடங்கிவிடும். ஆகவே நல்ல படிகள் சிலவே கிடைக்கும்.

இம்முறையில் பெயர் பெற்ற ஜெர்மானியர் வோல்ஸ். 1913-ல் பெர்லினில் பிறந்து, 1932-ல் பாரிஸுக்குப் பிழைக்கப் போனவர். 1939-ல் போர் மூண்டதும், ஜெர்மன்காரர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரெஞ்சு அரசு அவரை முகாமில் அடைத்தது. ஓராண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். போருக்குப் பின் வறுமையில் வாழ்ந்தபடி, கைக்குள் அடங்கும் சிறு தகடுகளில் கீறினார். அவற்றில் சில, எழுத்தாளர் சார்த்தரின் நூலில் இடம்பெற்றன. 1951-ல், 38 வயதில் இறந்தார். வேர் போலவும் நரம்பு போலவும் பின்னிக் கிடக்கும் அக்கோடுகளில் உருவம் தேடினால் கிடைக்காது. ஊர் விட்டு ஊர் வந்து, 'நீ வெளியாள்' என்ற சொல்லைக் கேட்டவருக்கு அந்தக் கோடுகளின் நடுக்கம் அந்நியமாக இராது.

இந்தியாவிலும் இதற்கு இணை உண்டு. 1921-ல் சிட்டகாங்கில் பிறந்த சோம்நாத் ஹோர், 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டு வரைந்தவர். எழுபதுகளில் அவர் செய்த 'காயங்கள்' வரிசையில் மனித உருவமே இல்லை, மையும் இல்லை. வெள்ளைக் காகிதக் கூழில் வெட்டும் கீறலும் மட்டுமே. பட்டினி கிடந்தவர்களின் உடலை வரைந்த கை, கடைசியில் காயத்தை மட்டும் மிச்சம் வைத்தது. இதைப் 'புரியாத படம்' என்று தள்ளிவிட முடியுமா?

கிறுக்கிவிட்டுக் கலை என்று விற்பவரும் இருக்கிறார்கள் என்பது உண்மையே. போலி எந்தத் தொழிலில்தான் இல்லை? நல்ல வேலையையும் ஒப்பேற்றிய வேலையையும் பிரித்தறிய, வேலை தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண் தொழிலாளிக்கு உண்டு.

மைசூர் சாமராஜேந்திர ஓவியக் கல்லூரி 1906-ல் தொழிற்கல்விக் கூடமாகவே தொடங்கியது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். தொழிலும் கலையும் அன்று ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்று அங்கே அச்சு ஓவியமும் கற்பிக்கப்படுகிறது. தேவகோட்டையில் 1957-ல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற ஆர்.எம். பழனியப்பன் அச்சு ஓவியத்தால் பெயர் பெற்றவர். சுவரில் கரிக்கோடு இழுக்கும் பிள்ளையை அடித்து அடக்கும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கண்காட்சி நடத்துபவருக்கும் கடமை உண்டு. படத்தின் அருகே கீறிய தகட்டையும் ஊசியையும் வைத்து, செய்முறையைக் கன்னடத்தில் நாலு வரி எழுதி ஒட்டினால் போதும். வேலை முடிந்து வருவோருக்காக இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கலாம். தமிழ்ச் சங்கங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களைத் திரட்டி அழைத்துச் செல்லலாம். "இது என்ன?" என்று கேட்பதற்கு முன், "இதை எப்படிச் செய்தார்?" என்று கேட்டால், பாதிப் படம் அங்கேயே புரிந்துவிடும்.