போனவர்களுக்கு ஒரு வரி

நாஞ்சில் நாட்டில் குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் பெருகியிருக்கிறது. நூற்றாண்டு மலர், நினைவு மலர் என்று ஏதோவொரு பெயரில் அவை அச்சாகின்றன. பாண்டி நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதல் மூதாதையுடன்தான் பெரும்பாலானவை தொடங்குகின்றன. வந்தவருக்குப் பல பக்கங்கள் உண்டு. இங்கிருந்து கப்பலேறிப் போனவருக்கோ ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த ஒரு வரி இல்லாத குறையைத்தான் இங்கு சொல்ல விரும்புகிறேன்.

போனவர்களின் சந்ததியினர் இன்று வேர் தேடுகிறார்கள். அவர்களில் நேட்டாலுக்குப் போனவர்களின் வழிவந்தோருக்கு ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கு சென்ற ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, அங்க அடையாளம் வரை உண்டு. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. கங்காணியின் கீழ் கூட்டமாகப் போனார்கள். கூட்டத்தின் கடனைக் குறித்த 'துண்டு' எனும் சீட்டே அவர்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் நகர்த்தியது. கடன் எழுதப்பட்டது, ஆள் எழுதப்படவில்லை.

இந்தப் பக்கம் வந்து தேடினாலும் சிக்கல்தான். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூராகவும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்தது. பழைய ஆவணங்கள் பலவும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கின்றன. 824 அல்லது 825 கூட்டித்தான் ஆங்கில ஆண்டை அறிய வேண்டும். தந்தை பெயரைக் கொண்டு தேடுபவர் இங்கு வழி தவறவும் கூடும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே 1926ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மருமக்கள் வழியே நிலவியது. குடும்பம் தாய்வழியில் தொடர்ந்தது. சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது. கவிமணி அதை நையாண்டி செய்து மான்மியம் பாடினார். ஆனால் கப்பல் பட்டியலில் தாய் பெயருக்குக் கட்டமே கிடையாது.

எல்லாவற்றினும் பெரிய தடை வேறு. போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். நம் ஆவணங்களோ நிலத்தை நினைவில் வைத்திருப்பவை. அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகளில் அடிமைகள் வருகிறார்கள், விற்கவும் வாங்கவும்படும் பொருளாக. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல்தான். அத்தகைய குடும்பங்கள் பலவற்றின் பெயர்கள் மனிதப் பெயர்களாக முதன்முதலில் ஏறிய ஏடு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடாகத்தான் இருக்கும். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து தொடங்கிய லண்டன் மிஷன் சபைகளின் பழைய பதிவேடுகள், கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகள் ஆகியவற்றைக் கரையான் தின்பதற்குமுன் படியெடுப்பதே முதல் வேலை.

போனவர்கள் திரும்பி வந்த வரலாறும் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களில் பலர் இம்மாவட்டத்தின் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தலைமுறைகள் கழித்துத் தாயகம் வந்த அவர்களை இங்குள்ளவர்கள் 'சிலோன்காரர்கள்' என்றார்கள். அவர்களின் பூர்வீக ஊர் எதுவென்று நாம் கேட்டு எழுதி வைத்தோமா?

தமிழே மறந்துபோனவர்கள் தேடி என்ன செய்யப்போகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். தேடுபவருக்கு ஊர்ப் பெயர் ஒன்றே போதுமானதாக இருக்கலாம். நம்மிடம் வந்து நிற்பவரிடம் 'என்ன ஆட்கள்?' என்று சாதியை முதலில் விசாரிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, 'எந்த ஊர், எந்த வீடு, பாட்டி பெயர் என்ன?' என்று கேட்கப் பழகலாம். பட்டியலின் சாதிக் கட்டத்தைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொள்பவர்களால் எந்த வரலாறும் எழுதப்படப்போவதில்லை.

இனி குடும்ப வரலாறு எழுதுபவர்கள் ஒன்று செய்யலாம். 'இவர் இந்த ஆண்டு கொழும்புக்கோ பினாங்குக்கோ போனார். பிறகு தகவல் இல்லை' என்று எழுதுங்கள். கூடவே அவரைப் பெற்றவளின் பெயரையும் எழுதுங்கள். கடன்பட்டு ஓடினார், சாதி மாறி மணந்தார் என்பதெல்லாம் மறைக்க வேண்டிய காரணங்களல்ல. கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் வைத்திருக்கும் பாதிக் கதைக்கு மறுபாதி அந்த ஒரு வரியாக இருக்கக்கூடும்.