சித்தப்பா வீட்டை அண்ணன் மகன் வாங்கினால் புரோக்கருக்குக் கமிஷன் உண்டா?

கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடியிருந்துவிட்டு ரிட்டயர் ஆகிறவர்களில் பலர், சர்வீஸில் இருக்கும்போதே புதுப்பட்டினத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ ஒரு மனை வாங்கி, லோன் போட்டு வீடு கட்டிவிடுவார்கள். அப்புறம் பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று போய்விட, ஒருநாள் இவர்களும் பின்னாலேயே கிளம்ப வேண்டியதாகிவிடும். வீட்டை விற்க வேண்டும். டீக்கடையில் யார் காதிலாவது ஒரு வார்த்தை போட்டால் போதும், சாயங்காலமே புரோக்கர் வாசலில் வந்து நிற்பார்.

இப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு 60 லட்சம் எதிர்பார்க்கிறார். புரோக்கர் மூன்று மாசம் வெயிலில் பைக் ஓட்டி ஆட்களைக் கூட்டிவந்து காட்டுகிறார். ஒரு பார்ட்டி 52 கேட்கிறது. இன்னொன்று 55. பேசிப் பேசி ஒருவரை 58 வரை கொண்டுவந்தும் விட்டார். அந்த நேரம் பார்த்து செங்கல்பட்டிலிருந்து அண்ணன் மகன் போன் பண்ணுகிறான். "சித்தப்பா, வெளியாளுக்கு எதுக்குக் குடுக்கறீங்க? அந்த 58-ஐ நானே தர்றேன்."

பத்திரம் முடிந்த மறுநாள் புரோக்கர் வருகிறார். "சார், என் கமிஷன்?"

"என்ன தம்பி, இது எங்க குடும்பத்துக்குள்ள நடந்தது. இதுல நீ எங்க வந்த?"

இந்த இடத்தில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் பெரியவர் பக்கம்தான் நிற்பார்கள். புரோக்கர் என்றாலே நம் ஊரில் ஒரு இளக்காரம். "சும்மா கைகாட்டிட்டுக் காசு வாங்கறவன்" என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

முதலில் சட்டம். பி.காம். படிக்கிற எல்லாரும் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படித்திருப்பார்கள் (பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் இருப்பார்கள்). அதில் 219-வது பிரிவு என்ன சொல்கிறது? தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், ஏஜெண்ட் ஒப்புக்கொண்ட வேலை முடியும்வரை அவருக்குக் கூலி சேராது. புரோக்கரின் வேலை, வாங்குகிற ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது. அண்ணன் மகனை அவர் கொண்டுவரவில்லை. அவன் பிறந்ததிலிருந்தே அந்த வீட்டுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்துபோகிறவன். ஆகவே சதவீதக் கணக்கில் கமிஷன் கேட்க புரோக்கருக்குப் பிடிமானம் குறைவு.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு பிரபலமான வழக்கு உண்டு. சில சினிமா தியேட்டர்களை விற்றுக்கொடுத்தால் 10,000 பவுண்ட் என்று பேச்சு. ஏஜெண்ட் ஆளைக் கொண்டுவந்துவிட்டார், ஆனால் உரிமையாளர்கள் அந்த ஆளுக்கு விற்கவில்லை. பிரபுக்கள் சபை, ஏஜெண்டுக்கு ஒரு காசு கிடையாது என்று சொல்லிவிட்டது. அதற்குச் சொன்ன காரணம்தான் சுவாரசியம். எட்டு, ஒன்பது நாள் வேலைக்கு ஒரு லார்ட் சான்சலரின் வருஷச் சம்பளம் கிடைக்கும் என்றால், கிடைக்காமல் போகிற ரிஸ்க்கையும் சேர்த்துத்தான் அவர் எடுத்திருக்கிறார் என்றார் ஒரு நீதிபதி. நியாயம்தான். பத்து வீடு காட்டி ஒன்றுதான் முடியும் என்பதால்தானே கமிஷனைச் சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள்?

அப்படியானால் சித்தப்பா ஜெயித்துவிட்டாரா? அங்கேதான் இடிக்கிறது.

அந்த 58 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? சித்தப்பாவுக்குத் தெரியாது, அண்ணன் மகனுக்கும் தெரியாது. மூன்று மாசம் ஆட்களைக் கூட்டிவந்து, பேரம் பேசி, அதைக் கண்டுபிடித்தவர் புரோக்கர். இன்றைய சந்தையில் அந்த வீட்டுக்கு என்ன விலை போகும் என்ற தகவலை அவர் உழைத்துக் கொண்டுவர, குடும்பம் அதை இலவசமாக எடுத்துக்கொண்டது. என்ஜினீயரைக் கூப்பிட்டு மதிப்பீட்டுச் சான்று வாங்கினால் பீஸ் கொடுக்காமல் விடுவார்களா?

அதே ஒப்பந்தச் சட்டத்தில் 70-வது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் முறைப்படி செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 58 ஆயிரத்துக்காக எந்தப் புரோக்கரும் கோர்ட் படி ஏறப்போவதில்லை என்பது வேறு விஷயம். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஏஜெண்டுகள் பதிவு செய்யவேண்டும் என்கிறது. ஆனால் அது பதிவு பெற்ற திட்டங்களில் விற்கிறவர்களுக்கு. ஒருவர் தன் பழைய தனிவீட்டை விற்பது அந்தக் கணக்கில் வராது. வாய்வார்த்தைதான் எல்லாம்.

இந்தப் பக்கத்தில் புரோக்கர் வெறுமனே கைகாட்டுகிறவர் என்பதும் முழுக்க உண்மையில்லை. அணு உலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாடு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், போதாததற்குத் தொல்லியல் துறைச் சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை தடை, அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும் என்று எத்தனையோ இருக்கிறது. எந்த சர்வே நம்பர் எதில் மாட்டும் என்று விரல்நுனியில் வைத்திருக்கிற புரோக்கர்கள் உண்டு. ஒன்றும் தெரியாமல் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அண்ணன் மகன் கிரயப் பத்திரம்தான் எழுதவேண்டும். பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை மாதிரி நெருங்கிய உறவுக்குப் பணம் வாங்காமல் எழுதிவைக்கும் செட்டில்மெண்டுக்குத்தான் சலுகை. 2023 ஜூலை 10 முதல் அதற்கு முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000. அண்ணன் மகன் அந்தப் பட்டியலில் இல்லை, பணமும் கைமாறுகிறது. ஆகவே முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 58 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 5,22,000 ரூபாய். அதை முணுமுணுக்காமல் கட்டிவிட்டு, புரோக்கரின் ஒரு சதவீதம், அதாவது 58,000 ரூபாயில் வந்து குடும்ப கௌரவம் பேசுவார்கள் :-)

வெளிநாட்டில் இந்தச் சண்டையை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஏஜெண்ட் ஒப்பந்தம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்றில் உரிமையாளர் தானே ஆள் பிடித்து விற்றால் கமிஷன் கிடையாது. இன்னொன்றில் தம்பிக்கு விற்றாலும் கமிஷன் உண்டு. எது எந்த வகை என்பதை எழுத்தில் விளக்கித் தரவேண்டும் என்று 1991-லேயே அங்கே விதி போட்டாகிவிட்டது. அமெரிக்காவில், "இன்னின்னார் வாங்கினால் கமிஷன் இல்லை" என்று உறவுக்காரர் பெயர்களை ஒப்பந்தத்திலேயே எழுதி விலக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நம்மூரில் அவ்வளவு தூரம் போகவேண்டாம். புரோக்கர் முதல்நாள் வாசலில் வந்து நிற்கும்போதே, "தம்பி, எங்க அண்ணன் வீட்ல யாராவது கேட்டா அவங்களுக்குத்தான். அப்படி ஆனா உன் அலைச்சலுக்கு இவ்வளவு தர்றேன்" என்று சொல்லி, ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதினால் முடிந்தது. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்வது இன்னும் உத்தமம். விற்பனைக்காகச் செய்த தரகுச் செலவை மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம், வருமான வரிக்காரர்களிடம் காட்டக் காகிதம் வேண்டும்.

நம் கற்பனைச் சித்தப்பா அப்படி எதுவும் எழுதவில்லை. முழுக் கமிஷன் அவர் தரவேண்டியதில்லை. ஆனால் மூன்று மாச அலைச்சலுக்கு ஒரு இருபது, இருபத்தைந்தாயிரமாவது கொடுப்பதுதான் மரியாதை. அதிலும் பாதியை அண்ணன் மகன் போடவேண்டும். 60 கேட்டவரிடம் 58-க்கு வீடு வாங்கியவன் அவன்தானே?