மாடு எங்கே?

மியூசியம் கடவுள்களின் சவக்கிடங்கு என்று நண்பர் ஒருவர் எழுதப்போக, நம் வட்டத்தில் பலரும் அதற்குத் தலையாட்டிவிட்டார்கள். கோயிலிலிருந்து பெயர்த்தெடுத்த விக்ரகம் வெறும் உலோகம்; தூபமும் மேளமும் இல்லாமல் அதைப் பார்ப்பது மேலைநாட்டு அழகியல் நமக்குத் தொற்றவைத்த வியாதி. இது அவர் கட்சி. படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தஞ்சாவூர் அரண்மனைக்குள் 1951லிருந்து இருக்கும் கலைக்கூடத்துக்கு அவர் கடைசியாக எப்போது போனார்?

நான் போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை போனேன். வங்கிக்காரனுக்கு அதுதானே திருநாள். திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன் அரைமணிக்கு மேல் நின்றிருப்பேன். 1011ல் கோயிலுக்கு வந்தவர். தேவி அடுத்த வருஷம், 1012ல். கால்களைக் குறுக்கே மாற்றி வைத்து, ஒரு கையை மடக்கி, மாட்டின் மேல் சாய்ந்து நிற்கிறார். மாடு இல்லை. எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. ஆனால் அந்தக் கையும் தோளும், இடுப்பு சற்றே ஒடிந்து நிற்கிற விதமும் சேர்ந்து வெற்றிடத்தில் ஒரு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. அதன் முதுகு எவ்வளவு உயரம் என்றுகூட என்னால் சொல்ல முடியும். சடையைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறார். வரப்பில் சற்று நின்று போகிற ஆளின் அலட்சியம்.

இதைக் கோயிலில் பார்த்திருப்பேனா? உற்சவ மூர்த்தி. பட்டு, மாலை, ஆபரணம் எல்லாம் போக மிஞ்சுவது முகம். பக்தனுக்கு அது போதும்; அவனோடு எனக்குச் சண்டை கிடையாது. என் வியப்பு சிற்பியைப் பற்றியது. பட்டுக்குள் மறையப் போகிறது என்று தெரிந்தே முழங்காலை இப்படிச் செய்திருக்கிறான். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகாவது அதை ஒருவன் பார்க்க வேண்டாமா?

பெயர்த்தெடுத்தார்கள் என்பதும் இவர் விஷயத்தில் சரியில்லை. திருவெண்காட்டு மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1950களின் தொடக்கத்தில் வெளியே வந்தவர். தோண்டியவர்கள் யாருடைய பூஜையையும் நிறுத்தவில்லை. தாராசுரத்திலிருந்து வந்திருக்கும் கஜசம்ஹார மூர்த்தி வேறு கதை. யானைத் தோலுக்குள் உடம்பை முறுக்கி ஆடுகிற அந்தக் கல்லுக்குத் தாராசுரத்தின் வெயிலும் சுவரும் வேண்டும். இங்கே நண்பரை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவர் பேசாமல் விட்டது ஒன்று உண்டு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் களவுபோய் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்ததும், 2014ல் திரும்பி வந்ததும் ஊரறிந்த கதை. இந்தக் களவுகளுக்குப் பயந்து எத்தனையோ சிறு கோயில்களின் உற்சவர்கள் சொந்த ஊரில் இல்லை. திருவாரூர் போன்ற இடங்களில் அரசின் பாதுகாப்பு மையங்களில் பூட்டுக்குள் இருக்கிறார்கள். திருவிழா வந்தால் ஊர்போய் வருபவர்கள் உண்டு. மற்ற நாளெல்லாம் இருட்டு. லாக்கர் அறையின் ஒரு சாவியை வைத்துக்கொண்டு பிழைக்கிறவன் நான். அந்த இருட்டு எனக்குப் பரிச்சயம். உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். நண்பர் மியூசியத்தைக் கோயிலோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுகிறார். இந்தப் பூட்டிய அறையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இதே அரண்மனை வளாகத்தில் சரபோஜி மன்னர் வெள்ளைச் சலவைக்கல்லில் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி ஒரு திமிங்கில எலும்புக்கூடு. இந்தக் கதம்பம் நம்மவர்களுக்கு இளக்காரம். பாரிஸ் கூடங்களின் ஒழுங்கைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லவா! எனக்குத் திமிங்கிலமும் பிடித்திருந்தது. அதன் விலா எலும்பைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வெண்கலத்தின் வளைவு இன்னும் கூர்மையாகவே தெரிந்தது.

நான் நின்றிருந்தபோது கிராமத்து அம்மாள் ஒருவர் பேரப்பிள்ளைகளோடு வந்தார். ரிஷபவாகனரைக் கண்டதும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சவத்துக்கு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் என்னிடம் கேட்டார்:

"மாடு எங்க தம்பி?"