வறுமையைப் பாதியாக்கிய கேள்வித்தாள்

இந்தியாவில் வறுமை 5 சதவீதமாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருக்கக்கூடும் என்று நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி 2024 பிப்ரவரியில் கூறினார். மக்களவைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த வேளை அது. 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2,61,746 குடும்பங்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு என்பதால், அதன் அளவே அதன் நம்பகத்தன்மைக்குச் சான்று எனப் பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் சரிதானா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பானை முழுவதும் ஒரே சீராக வெந்தால்தான் அது பொருந்தும். வர்க்கங்களாகப் பிளவுபட்ட சமூகம் அப்படி ஒரே சீராக வேகும் பானை அல்ல. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமான சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்று அவ்விதழ் கணித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று வென்றார். தொலைபேசி, கார் வைத்திருப்போரின் பட்டியல்களே முகவரிக்குப் பெரிதும் பயன்பட்டன. சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களோ பெரும்பான்மை மக்களைப் பிரதிபலிக்கவில்லை. பட்டியலில் இல்லாத ஏழையை, மாதிரியின் அளவை எவ்வளவு பெருக்கினாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதனால்தான் புள்ளியியல் ‘சம வாய்ப்பு’ என்ற நெறியை வகுத்தது. எந்தக் குடும்பம் தேர்வாகும் என்பதை அதிகாரியின் விருப்பமோ வசதியோ தீர்மானிக்கக் கூடாது. அந்நெறியின் மீது கட்டப்பட்டதே, மகலனோபிஸ் வழிகாட்டலில் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு. இன்று அதற்கும் பட்டியல்தான் சிக்கல். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப் போடப்பட்டதால், 2022-23 ஆய்வுக்கான கிராமங்கள் 2011ஆம் ஆண்டின் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டன.

மாதிரி சரியாக இருந்தாலும், கேள்வி மாறினால் விடையும் மாறிவிடும். நம் நாட்டிலேயே இது சோதித்து அறியப்பட்டது. 1994 முதல் 1998 வரை நடந்த நான்கு சுற்று ஆய்வுகளில் குடும்பங்கள் சம வாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியினரிடம் வழக்கம்போல் கடந்த 30 நாள் செலவு கேட்கப்பட்டது. மறு பாதியினரிடம் உணவுச் செலவை 7 நாளுக்கும், துணிமணி போன்றவற்றை 365 நாளுக்கும் கேட்டனர். புதிய கேள்வித்தாளில் பதிவான தலா செலவு 15 முதல் 18 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. கணக்கிட்டால் வறுமை விகிதம் ஏறத்தாழ பாதியாகிவிடும். 20 கோடிக்கு நெருக்கமான மக்கள் காகிதத்தில் வறுமையிலிருந்து ‘மீண்டு’விடுவர். ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூலி உயராமலேயே இது நிகழும். கோடிக்கணக்கான மக்கள் வறுமைக் கோட்டை ஒட்டியே வாழ்வதுதான் காரணம்.

அச்சோதனையின் வலிமை அதன் அமைப்பில் இருந்தது. மதகருகே உள்ள வயலுக்கு ஓர் உரமும் கடைமடை வயலுக்கு வேறோர் உரமும் இட்டு விளைச்சலை ஒப்பிட்டால், உரத்தின் பலன் எது, நீரின் பலன் எது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றைச் சம வாய்ப்பில் பகிர்ந்தால்தான் காரணம் தெரியும். 1920களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிஷர் உருவாக்கிய பாடம் இது.

ஆனால் 1999-2000 ஆய்வில் உணவுச் செலவு குறித்த 7 நாள் கேள்வியும் 30 நாள் கேள்வியும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. ஒரு விடை மற்றொன்றைப் பாதித்தது. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகக் குறைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட முடியாது என்று அபிஜித் சென் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். தாராளமயத்தின் சாதனை என்று கொண்டாடப்பட்ட சரிவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கேள்வித்தாளின் விளைவு என்பது நீண்ட விவாதமாயிற்று.

இன்று அதே கதை திரும்புகிறது. 2011-12இல் கிராமப்புறத்தில் மாதத்துக்கு 1,430 ரூபாயாக இருந்த தலா நுகர்வு 2022-23இல் 3,773 ரூபாயாக உயர்ந்தது என்கிறது அறிக்கை. இடைப்பட்ட விலைவாசி உயர்வு இதில் கழிக்கப்படவில்லை என்பது ஒருபுறமிருக்க, ஆய்வு முறையே மாறியிருக்கிறது. முன்பு எல்லாக் கேள்விகளும் ஒரே வருகையில் கேட்கப்பட்டன. இப்போது மூன்று கேள்வித்தாள்கள், மூன்று வருகைகள். பொருட்களின் பட்டியலும் மாறியுள்ளது. முறையை மேம்படுத்துவது தவறல்ல. அளவுகோலை மாற்றிவிட்டு, பழைய அளவோடு ஒப்பிட்டு வெற்றி முழக்கம் இடுவதுதான் தவறு.

இடையில் பழைய அளவுகோலுக்கு நெருக்கமான ஓர் ஆய்வும் நடந்தது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின்படி, விலைவாசி உயர்வைக் கழித்த தலா நுகர்வு 2011-12ஐ விட 3.7 சதவீதம் குறைந்திருந்ததாக 2019 நவம்பரில் நாளிதழ் ஒன்று வெளிக்கொணர்ந்தது. கிராமப்புறத்தில் வீழ்ச்சி 8.8 சதவீதம். உடனே ‘தரவின் தரம் சரியில்லை’ என்று கூறி அவ்வறிக்கையை வெளியிட மறுத்தது மோடி அரசு. அதே ஆண்டு ஜனவரியில், வேலையின்மை அறிக்கை நிறுத்தி வைக்கப்பட்டதை ஒட்டித் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவி விலகியிருந்தனர். பாதகமான முடிவுகளை மறைத்து, சாதகமானவற்றை மட்டும் வெளியிட்டால், எவ்வளவு நேர்மையாக எடுத்த மாதிரியும் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

இது அறிஞர்களுக்குள் முடியும் சண்டை அல்ல. வறுமை 5 சதவீதம் என்றால், 80 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு இலவச உணவு தானியம் தர வேண்டிய நிலை ஏன்? இந்த முரண்பாட்டுக்கு ஆட்சியாளர்கள் பதில் சொல்வதில்லை. நாளை இதே 5 சதவீதத்தைக் காட்டி ரேஷனும் நூறு நாள் வேலையும் வெட்டப்படலாம்.

எனவே, 2017-18 ஆய்வின் தரவுகள் முழுமையாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பழைய முறையையும் புதிய முறையையும் சம வாய்ப்பில் பிரித்த இரு குடும்பத் தொகுதிகளில் ஒரே காலத்தில் நடத்தி, வேறுபாட்டை வெளியிட வேண்டும். புள்ளியியல் ஆணையத்துக்குச் சட்டப்பூர்வத் தன்னாட்சி வேண்டும். வறுமையைக் குறைக்கக் கூலி உயர வேண்டும், விலை குறைய வேண்டும், வேலை பெருக வேண்டும். கேள்வித்தாளைத் திருத்தி அதைச் சாதிக்க முடியாது.