எண்ணிக்கை போதும், வேவு வேண்டாம்!

பாபநாசம் அணையின் உச்சமட்டம் 143 அடி. "இன்று எத்தனை அடி?" என்று கேட்டறியாத உழவன் தாமிரபரணிக் கரையிலே உண்டோ? மட்டத்தை அளக்கிறார்கள், எந்தத் துளி எந்த மலையிலிருந்து வந்தது என்று எவரும் ஏடெழுதி வைப்பதில்லை. பாசனத்துக்கு அளவு போதும்.

இயக்கச் செய்திகளுக்காகப் பைத்தான் மொழியிலே வலைத்தளம் அமைக்கும் இளைஞர்கள், "எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அறிய வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும், மறுப்பவர் யார்?

வழியும் எளிது. ஜாங்கோவிலே 'மிடில்வேர்' என்றோர் இடைநிலை நிரல் உண்டு. வருகின்ற ஒவ்வொரு கோரிக்கையும் அந்த வாயிலைக் கடந்தே செல்லும். அங்கே சில வரிகள் எழுதினால், வந்தவரின் ஐ.பி. முகவரி, நேரம், திறந்த பக்கம், உலாவியின் பெயர் அனைத்தும் பதிவாகும். வெளிநாட்டு நிறுவனத்திடம் நம் வாசகரைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. நன்று! ஆனால் அந்த நன்மைக்குள்ளேயே நஞ்சும் இருக்கிறது. பதிவு நடப்பது சர்வரிலே. வாசகரின் கருவியிலுள்ள தடுப்பான் அதைக் காணாது, அவரும் அறியார்.

அறியாமல் எழுதப்படும் ஏடு என்ன செய்யும்? நெல்லைக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமோ? 1908-இலே சுதேசிக் கூட்டங்களிலே போலீசார் எடுத்த குறிப்புகள், வ.உ.சிதம்பரனாருக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் எதிரான சாட்சியமாயின. அன்று குறித்தது மேடையேறிப் பேசியவர் பேச்சை. இன்றோ, வாய் திறவாமல் வந்து படித்துச் செல்பவனையும் குறித்துவிடலாம்!

"ஏடு நம் கையிலே தானே இருக்கிறது?" எனலாம். என்றும் இருக்குமென்று உறுதி உண்டோ? திருடன் கவரலாம், அதிகாரம் ஆணையிட்டுக் கேட்கலாம். வேலைநிறுத்த அறிவிப்பைப் படித்த தொழிலாளியின் தடம் முதலாளியின் மேசைக்குப் போனால், அவன் பிழைப்பு என்னாகும்? எழுதாத ஏட்டை எவராலும் பறிக்க முடியாது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இலே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டம் கேட்கும் முன்னரே கொள்கை கேட்கிறது, தோழர்களே!

ஆகவே, பக்கத்துக்கு இத்தனை பேர் என்று நாள்தோறும் எண்ணுங்கள். முகவரியின் கடைசிப் பகுதியை அழித்த பின்னரே பதியுங்கள். சில நாட்களிலே அதையும் நீக்குங்கள். எதைப் பதிகிறோம் என்பதை முகப்பிலேயே, எவர்க்கும் விளங்கும் தமிழிலே எழுதி வையுங்கள்.

மட்டத்தை அளப்போம், துளியின் பின்னே ஒற்றனை ஏவோம்!