லாக்புக்கை நம்பலாமா?

அமெரிக்காவில் பழைய செஸ்னா 172 வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் முதல் உபதேசம்: "லாக்புக்கைப் பார்த்து வாங்கு." அதில் எல்லாம் இருக்குமா என்ன?

மாடல் வருடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். விமானத்தின் தகட்டில் இருக்கும் வரிசை எண்ணை, விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் டைப் சர்டிபிகேட் தாளோடு ஒப்பிட்டால் போதும். விளம்பரத்தில் புளுகினாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

அடிபட்ட கதைதான் சிக்கல். பெரிய ரிப்பேர் என்றால் படிவம் 337 எழுதி எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். ஓக்லஹோமா சிட்டியிலிருந்து யாரும் நகல் வாங்கலாம். ஆனால் லைசென்ஸ் உள்ள ரிப்பேர் ஸ்டேஷன், அங்கீகரித்த கையேட்டின்படி செய்தால் வெறும் ஒர்க் ஆர்டரே போதும். அதன் நகலை அவர்கள் 2 வருடம் வைத்திருந்தால் சரி. உரிமையாளருக்கோ 1 வருடம்தான் கெடு! அதன்பின் கிழித்துப் போட்டுவிட்டு விற்றாலும் சட்டப்படி குற்றமில்லை.

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்களை வைத்துச் சொன்னது இதைத்தான்: விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், நல்ல சரக்குக்கும் நியாயமான விலை கிடைக்காது. ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவனும் சேர்ந்தே நஷ்டப்படுகிறான்.

கார் மக்கர் செய்தால் ஓரங்கட்டலாம். வானத்தில் ஏது ஓரம்? அந்த 1 வருடக் கெடுவைத் தூக்கி எறியுங்கள். விமானம் பறக்கும்வரை அதன் ரிப்பேர் கணக்கும் கூடவே வரட்டும்.